நூத்தம்பது பூவைப் பிரிச்ச பேராண்டிக்கு

டேய் பேராண்டி,

நீ ஒட்டாவாவுல தோட்டத்தோட வூடு வாங்கின சேதி ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டு வரைக்கும் வந்துடுச்சு. மளிகைக் கடைக்காரரு உனக்கு வாழ்த்து சொல்லச் சொன்னாரு. கூடவே உன் பேர்ல நிக்கிற பழைய பாக்கியையும் ஞாபகப்படுத்தினாரு. அதை நான் கட்டிட்டேன், நீ கவலைப்படாதே. வட்டியோட பொறவு வாங்கிக்கிறேன்.

வூட்டுக்குப் பின்னால மூணு புதரு நிக்குது, ரெண்டுல ஊதாவா பூத்திருக்குது, மூணாவது பூக்கவே இல்ல, இதெல்லாம் இன்னா செடி தாத்தான்னு கேட்டு போட்டோ அனுப்பியிருக்கே. பார்த்தேன். சிரிச்ச சிரிப்புல பல்செட்டு கழண்டு வந்துடுச்சு. எதுக்குச் சிரிக்கிறேன்னு உன் பாட்டி கேட்டா. "உன் பேரன் ரொம்பப் பெரிய படிப்பு படிச்சிருக்கான், அதான்"னு சொன்னேன். அவ அதை நெசம்னு நம்பிக்கினு பக்கத்து வூட்டுல சொல்லப் போயிட்டா.

மாரிகுப்பத்துல ரயிலேறி பெங்களூருக்குப் போய் வந்த காலத்துல, மடியில லேப்டாப்பை வெச்சுக்கினு நீ இன்னா படிச்சே? மிஷினுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிற படிப்பு. அதுல மொதப் பாடமே ஐரிஸ் பூ தானே? 150 பூவோட அளவைக் குடுத்து, எது எந்த வகைன்னு மிஷினைப் பிரிக்க வெச்சே. நூத்துக்கு 97 சரியா வந்துச்சுன்னு மைசூர்பாக்கு வாங்கியாந்து தெரு பூராவும் குடுத்தே. அந்த ஐரிஸ் தான்டா இப்ப உன் கொல்லையில நின்னுக்கினு உன்னை மொறைக்குது. 150 பூவைப் பிரிச்சவனுக்கு கண்ணெதிரே நிக்கிற ஒண்ணு தெரியல. வாழ்க உன் கம்ப்யூட்டரு.

சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்துல கீழே இறங்கின கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு நீ கேப்பே. பாதி, தொரைமாரு பங்களாவுல மாலியா இருந்த என் சித்தப்பன் சொன்னது. வெள்ளைக்காரனுங்க இந்த ஊரைக் குட்டி இங்கிலாந்துன்னு சொல்லிக்கினு, அவங்க ஊருப் பூவையெல்லாம் இங்கே கொண்டாந்து நட்டானுங்க. எது பொழைக்கும், எது பொழைக்காதுன்னு சித்தப்பனுக்கு நடும்போதே தெரியும். தொரை கேக்கல, இவரு சொல்லல. மீதிப் பாதி உன் தங்கச்சி குடுத்தது. செடிகொடிப் படிப்பு படிக்கிறாளே, ஞாயித்துக்கிழமை வந்தா புஸ்தகத்தைத் தமிழாக்கிச் சொல்லுவா. நடுநடுவுல வர்றது என் வாய்க்கொழுப்பு.

மொதல்ல, உனக்குச் சோறு போட்ட அந்த 150 பூ யாரு பறிச்சதுன்னு தெரிஞ்சுக்கோ. எட்கர் ஆண்டர்சன்னு ஒருத்தரு, அமெரிக்காவுல மிசௌரி தாவரவியல் தோட்டத்துக்காரரு. நம்ம பேட்டைக்குப் பேரு குடுத்த ஆண்டர்சன் வேற, இவரு வேற. மாமன் மச்சான் முறை கொண்டாடிக்கினு யாரு வூட்டுக்கும் போயிடாதே. இவரு கியூபெக் மாகாணத்து காஸ்பே தீபகற்பத்துல குனிஞ்சு குனிஞ்சு ஐரிஸைப் பறிச்சாரு. செடோசா வகை 50, வெர்சிகலர் வகை 50, இந்த ரெண்டும் ஒரே மேய்ச்சல் நெலத்துல, ஒரே நாள்ல பறிச்சு, ஒரே கையால அளந்தது. வர்ஜினிகா 50 வேற எடத்துது. ஒவ்வொரு பூவுக்கும் நாலு அளவு: வெளி இதழ் நீளம், அகலம், உள் இதழ் நீளம், அகலம். அந்தக் கணக்கை எடுத்து ரொனால்ட் ஃபிஷர்ங்கிற இங்கிலாந்துக்காரரு 1936-ல ஒரு கட்டுரை எழுதினாரு. அதுலேருந்து உலகத்துல மிஷினுக்குப் பாடம் எடுக்கிற வாத்தியாருங்க எல்லாரும் அந்த 150 பூவைத்தான் திருப்பித் திருப்பி மோந்துக்கினு இருக்காங்க.

அந்தக் கட்டுரை வந்த பத்திரிகை பேரு இன்னா தெரியுமா? ஆனல்ஸ் ஆஃப் யூஜெனிக்ஸ். மனுசனுக்குள்ளேயே ஒசந்த விதை, மட்ட விதைன்னு பிரிச்சு, ஒசந்ததை மட்டும் வளர்க்கலாம்னு நம்பின படிப்பு அது. இது ஒண்ணும் நமக்குப் புதுசில்ல ராசா. பங்களா ஒரு பக்கம், லைன் வூடு ஒரு பக்கம்னு அளந்து கட்டின ஊருக்காரங்க நாம. தொழிலாளிங்க எல்லாரும் கைரேகை வைக்கணும்னு 1930-ல சொன்னப்ப, முடியாதுன்னு தங்கவயல் சனம் வேலையை நிறுத்திட்டு ஒக்காந்துச்சு. அளவு எடுக்க வர்றவனை ஒரு தடவை ஏற எறங்கப் பார்க்கிற பழக்கம் நம்ம ரத்தத்துல இருக்குது. உன் தலைமுறையில அது கொஞ்சம் நீர்த்துப் போச்சு போல.

ஆனா ஆண்டர்சன் அளந்ததோட நிக்கல. இந்த வெர்சிகலர் எங்கேருந்து வந்துச்சுன்னு வருஷக்கணக்கா தோண்டினாரு. செடோசாவும் வர்ஜினிகாவும் எப்பவோ கலந்து பொறந்த புள்ளைதான் வெர்சிகலர்னு கண்டுபிடிச்சாரு. உயிரணுவுக்குள்ள இருக்கிற குரோமோசோம் கணக்கைப் பாரு: செடோசாவுக்கு 38, வர்ஜினிகாவுக்கு 70, வெர்சிகலருக்கு 108. கூட்டல் சரியா வருதா? அர்ச்சனைக்கு ஏத்த கணக்கு. வர்ஜினிகா பங்கு அதிகம், அதனால அந்தப் பக்கத்துச் சாயல்தான் புள்ளைக்குத் தூக்கலா இருக்குது. உன் மிஷின் தடுமாறினது எங்கே? செடோசாவுல தடுமாறவே தடுமாறாது. அதோட உள் இதழ் ரெண்டு சென்டிமீட்டர் கூட வராது, ஸ்கேலு இருந்தா உன் பாட்டியே பிரிச்சுடுவா. வெர்சிகலருக்கும் வர்ஜினிகாவுக்கும் நடுவுலதான் அது முழிச்சிருக்கும். பெத்தவளையும் புள்ளையையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சு மூக்கை மட்டும் அளந்தா அப்படித்தான் ஆகும். நீ அதைத் தப்புன்னு நெனச்சு இன்னும் நாலு ராத்திரி முழிச்சுத் திருத்தப் பார்த்தே. அது தப்பில்லடா, குடும்பக் கதை.

அதனால இதழை அப்பறம் அளக்கலாம். மொதல்ல செடி எங்கே நிக்குதுன்னு பாரு. ஐரிஸ் கிட்டத்தட்ட 300 வகை இருக்குது. பாலைவன ஓரத்துல நிக்கிறதும் இருக்குது, தண்ணிக்குள்ள காலை விட்டுக்கினு நிக்கிறதும் இருக்குது. நின்ன எடத்தைப் பார்த்தாலே பாதி பேரு கழிஞ்சு போயிடும்.

உன் மொதப் புதரு வேலி ஓரமா, வெயில்ல, காஞ்ச மேட்டுல நிக்குது. இலை அகலமா, சாம்பல் பூத்த பச்சையா, விசிறி வாட்டத்துல இருக்குது. மண்ணுக்கு மேல இஞ்சி கணக்கா கெழங்கு முதுகைக் காட்டிக்கினு கெடக்குது. பூவுல மூணு இதழ் கீழே தொங்குது, மூணு மேல நிமிர்ந்து நிக்குது. தொங்குற இதழ் மேல நடுவுல பாரு, மஞ்சளா தாடி மொளைச்சிருக்குதா? இருக்குதுன்னா அது தாடி ஐரிஸ், ஜெர்மானிகா வகையறா. அந்தத் தாடி ஈயைக் கூப்பிட இல்ல, தேனீக்கு வழி காட்ட. தேனீ அதைப் பிடிச்சுக்கினு உள்ளே நுழையும்போது மேலே கூரையா இருக்கிற சூல்தண்டு அது முதுகுல இருக்கிற மகரந்தத்தை வழிச்சுக்கும். அந்தச் சூல்தண்டும் இதழாட்டமே இருக்கிறதால, பூவுல ஒம்போது இதழ்னு எண்ணிடாதே. ஆறுதான் இதழ், மீதி மூணு வேஷம்.

ரெண்டாவது புதரு, கூரைத் தண்ணி விழற குழாய் கிட்ட நிக்கிறது. இலை ஒடுக்கமா, புல்லு ஜாடையில இருக்குது, பூ இலைக்கு மேல கழுத்தை நீட்டிக்கினு நிக்குது, தாடி இல்ல. இது ரெண்டுல ஒண்ணு. தண்டைக் கிள்ளிப் பாரு. உள்ளே பொக்குன்னா சைபிரிகா. பொக்கு இல்லாம, இலை அடிப்பக்கம் ஊதா ஏறி, பூ இலை ஒசரத்துக்குள்ளேயே நின்னா வெர்சிகலர், உன் பழைய சிநேகிதன். போட்டோவைப் பார்த்து நான் சைபிரிகான்னுதான் சொல்லுவேன், ஆனா கிள்ளுறது நீதானே. வெர்சிகலரைப் பார்க்கணும்னா வூட்டை விட்டு வெளியே போ. உன் ஊர்ப் பக்கத்துல ஆத்தோரம், ஏரியோரம், ரோட்டோரப் பள்ளம், எல்லா எடத்துலயும் அது தானா பூக்குது. டிக்கெட் இல்ல, பாஸ்வேர்டு இல்ல.

மஞ்சப் பூவா, ஆள் மார்பு ஒசரத்துல, இலை நடுவுல தடிச்ச நரம்போட தண்ணிக்குள்ள ஒண்ணு நின்னா, அது சூடாகோரஸ். ஐரோப்பாவுலேருந்து அழகுக்குக் கொண்டாந்து வெச்சது, இப்ப ஒன்டாரியோ நீர்நிலையெல்லாம் பட்டா போட்டுக்கினு கெடக்குது. விதை தண்ணியில மெதந்தே ஊரு மாறும். அதை யாராவது இனாமா குடுத்தா கை கூப்பிக் கும்பிட்டுட்டு வந்துடு. வெள்ளைக்காரன் இனாமா குடுக்கிற எதையும் ஒரு ராத்திரி யோசிச்சு வாங்கணும்னு என் சித்தப்பன் சொல்லுவாரு.

பனி உருகின கையோட, ஏப்ரல் மாசத்துலயே ஒரு சாண் ஒசரத்துல நீலமா எதாவது எட்டிப் பார்த்தா அது ரெட்டிகுலாட்டா. இதுக்குக் கெழங்கு இல்ல, வெங்காயம் மாதிரி குமிழ். இலையை விரல்ல உருட்டினா நாலு பட்டையா தட்டுப்படும். கோடை வந்ததும் மண்ணுக்குள்ள தூங்கிடும். செத்துப் போச்சுன்னு நெனச்சு அதே எடத்துல மண்வெட்டியைப் போட்டுடாதே.

இன்னொரு முக்கியமான சமாச்சாரம், இதை உன் பொண்டாட்டிக்கும் படிச்சுக் காட்டு. ஐரிஸ் இலையைப் பார்த்தா அப்படியே நம்ம வசம்பு. அந்தச் சூடாகோரஸ்ங்கிற பேருக்கே பொய் வசம்புன்னுதான் அர்த்தமாம். அங்கேயும் வசம்பு ஜாதிச் செடி தண்ணியோரம் இருக்குது. புள்ளை பொறந்தா உரசி நாக்குல தடவ ஊர்ச் சாமான் கெடைச்சுடுச்சுன்னு ஐரிஸ் கெழங்கைத் தோண்டிடப் போறா. ஐரிஸ் கெழங்கு விஷம். வயித்தைப் பொரட்டும், சாறு பட்டா தோல் எரியும். இலையைக் கசக்கு. வாசனை தூக்கினா வசம்பு, பச்சை நாத்தம் மட்டும் வந்தா ஐரிஸ். வசம்பே புள்ளைக்கு வேணாம்னு டாக்டருங்க சொல்றாங்க, அது வேற பஞ்சாயத்து. அதை உன் பாட்டி காதுல போடாம பார்த்துக்கோ. நாயி வளர்க்கிறதா இருந்தா அதுவும் கெழங்கைக் கடிக்காம இருக்கணும்.

சரி, அடையாளம் ஆச்சு. இனிமே வளர்க்கிறது. உன்னைப் பத்தி எனக்குத் தெரியும். எதையும் ரொம்பப் பாசமா வளர்த்துக் கொல்றவன் நீ. சின்ன வயசுல மொட்டை மாடியில வெச்ச ரோசாச் செடிக்குத் தினம் மூணு வேளை தண்ணி ஊத்தி அழுகடிச்சவன். அதனால மொதல்ல தாடி ஐரிஸ்கிட்ட நீ செய்யக் கூடாததைச் சொல்றேன்.

கெழங்கு முதுகுல மண்ணைப் போடாதே. அது வெயில்ல காயணும், தினம் ஆறு மணி நேரமாவது. குளிரும்னு பரிதாபப்பட்டு மேல மக்கு, இலைதழையைக் குமிச்சே, அழுகிடும். அழுகின கெழங்கு நாத்தம் உன் வூட்டுக்காரி சுத்தி இருக்கிறவங்களைச் சந்தேகப்படற அளவுக்கு இருக்கும். தழைச்சத்து உரத்தைக் கொட்டாதே. இலை கொழுக்கும், பூ வராது, அழுகலு கூடவே வரும். தண்ணி தேங்காத மண்ணா இருக்கணும், களிமண்ணா இருந்தா மேடு போட்டு நடு.

மூணு நாலு வருஷத்துக்கு ஒருக்கா கெழங்குங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு நெருக்கும், பூ குறையும். அப்ப பூ முடிஞ்ச பொறவு, ஜூலை கடைசிலேருந்து செப்டம்பர் ஆரம்பத்துக்குள்ள தோண்டி எடு. நடுவுல இருக்கிற கெழட்டுக் கெழங்கைத் தூக்கிப் போடு. கெழடுன்னாலும் எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்லல, கெழங்கை மட்டும் சொல்றேன். ஓரத்துல விசிறியோட இருக்கிற இளசுங்களை எடுத்து, இலையை ஒரு சாணுக்கு வெட்டி, நடு. மண்ணு ஒறையறதுக்கு முன்னாடி வேர் பிடிக்க ஆறு வாரமாவது வேணும். அக்டோபர் கடைசியில நட்டுட்டு, மார்கழியில செடி வெளியே துள்ளிக் குதிச்சுடுச்சு தாத்தான்னு போன் பண்ணாதே. மண்ணு ஒறைஞ்சு, இளகி, திரும்ப ஒறையும்போது வேர் பிடிக்காத செடியை அது மேலே தள்ளிடும். புதுசா நட்டதுக்கு மட்டும், மண்ணு நல்லா ஒறைஞ்ச பொறவு, மொத குளிர்காலத்துக்கு மேலாக்க வைக்கோலோ பைன் கெளையோ பரப்பு. மண்ணை ஒறையாம காப்பாத்த இல்ல அது. ஒறைஞ்சது ஒறைஞ்சபடியே கெடக்கட்டும்னு. வசந்தம் வந்ததும் எடுத்துடு. மத்தபடி பனியே போர்வை. ஆள் ஒசரம் பனி விழுந்தா நீ அழுவே, செடி சந்தோஷமா தூங்கும்.

கீழே நாங்க வேலை செஞ்ச ஆழத்துல பாறை 60 டிகிரிக்கு மேல சுடும், மேலேருந்து குளிர்காத்தை எறக்கித்தான் வேலையே நடக்கும். அந்த வம்சத்துல வந்தவன் 20 டிகிரி மைனஸுல நின்னுக்கினு பூவுக்குக் குளிருமேன்னு கவலைப்படறே. பூ அந்தக் குளிருக்குத்தான் பொறந்துச்சு. குளிர்காலம் நல்லா குளிர்ந்தாத்தான் அடுத்த வருஷம் மொட்டுக் கட்டும். சில ஐரிஸ் விதை கூட ரெண்டு மூணு மாசம் ஈரத்தோட குளிர்ல கெடந்தாத்தான் மொளைக்கும். வெர்சிகலர் விதையை இலையுதிர் காலத்துல வெளியே தூவிட்டுப் போ, மிச்சத்தைப் பனி பார்த்துக்கும். பூக்க ரெண்டு மூணு வருஷம் ஆகும். அதுக்குள்ள செடிகிட்ட டெட்லைன் கேக்காதே.

சைபிரிகாவுக்கு இதுக்கு நேர் எதிர் குணம். கெழங்கை ரெண்டு விரக்கடை மண்ணுக்குள்ள பொதைக்கணும், ஈரம் கேக்கும், மக்கு கேக்கும், லேசா புளிச்ச மண்ணு கேக்கும். எடம் மாத்தினா ஒரு வருஷம் ரெண்டு வருஷம் மொகத்தைத் தூக்கி வெச்சுக்கினு பூக்காது. நீ கண்டுக்காம இரு. நாலஞ்சு வருஷம் கழிச்சு நடுவுல பொக்கையாகி வட்டமா நிக்கும், அப்ப கோடாலி போட்டுப் பிரி. கோடாலின்னு நான் வேடிக்கைக்குச் சொல்லல, வேர் அம்புட்டு கெட்டி.

இதுக்குன்னு ஒட்டாவாவுல ஒரு அம்மா இருந்தாங்க, இசபெல்லா பிரஸ்டன். உன் வூட்டுலேருந்து பஸ்சுல போற தூரத்துல இருக்கே சென்ட்ரல் எக்ஸ்பெரிமென்டல் ஃபார்ம், 1886-லேருந்து இருக்கிற சர்க்காரு பண்ணை, அங்கே 1920-லேருந்து பூக்களைக் கலந்து புது வகை உண்டாக்கினவங்க. கனடாக் குளிருக்குத் தாங்கற சைபிரிகாக்களை உண்டாக்கி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கனடா நதி பேரை வெச்சாங்க. கேட்டினோன்னு ஒண்ணு, ஒட்டாவான்னு ஒண்ணு. பூவைப் பொறுமையா பார்த்த பொம்பளை பேரை உன் கம்ப்யூட்டரு பாடத்துல ஒருத்தனும் சொல்லித் தரல, பாரு. ஒரு ஜூன் மாசம் அந்தப் பண்ணைக்குப் போய், கையைக் கட்டிக்கினு சும்மா நடந்துட்டு வா. செல்போனை வூட்டுல வெச்சுட்டுப் போ.

ஒரே ஒரு எதிரி இருக்குது. ஐரிஸ் தொளைப்பான் புழு. அதோட அந்துப்பூச்சி இலையுதிர் காலத்துல காஞ்ச இலையில முட்டை வெச்சுட்டுப் போயிடும். வசந்தத்துல பொரிஞ்சு, இலைக்குள்ள பூந்து, கோடு போட்டுக்கினே எறங்கி, கெழங்கைக் கொடையும். பின்னாடியே அழுகல் வரும். வைத்தியம் ரொம்ப லேசு: குளிர் வந்ததும் காஞ்ச இலையெல்லாம் வெட்டி வாரி எடுத்துடு. வசந்தத்துல இலையில தண்ணி ஊறின கோடு தெரிஞ்சா, விசிறியை ரெண்டு விரலால மேலேருந்து கீழே அழுத்தி இழு, புழு உள்ளேயே நசுங்கிடும். இதுக்கு ஆப் எதாவது இருக்குதான்னு தேடாதே. விரல் தான் ஆப்.

கியூபெக்காரங்க கதையைக் கேட்டா உனக்கு வெக்கம் போயிடும். ஆத்தைத் தாண்டினா அவங்க ஊருதானே. 1963-ல வெள்ளை லில்லிதான் எங்க மாகாணப் பூன்னு சட்டம் போட்டாங்க. பொறவுதான் உத்துப் பார்த்தா, அந்த லில்லி அந்த மண்ணுல தானா மொளைக்கிற பூவே இல்ல. 1999-ல சட்டத்தை மாத்தி, பள்ளத்துல தன் பாட்டுக்குப் பூத்துக்கினு கெடந்த வெர்சிகலரை மாகாணப் பூவா உக்கார வெச்சாங்க. ஒரு சர்க்காருக்கே தன் கொல்லைப் பூவைக் கண்டுபிடிக்க 36 வருஷம் ஆயிடுச்சு. நீ போன வாரம்தான் கேட்டிருக்கே.

இப்ப உன் அடுத்த திட்டத்துக்கு வர்றேன். ஒரு கெழங்கைப் பார்சல்ல அனுப்பறேன் தாத்தா, வாசல்ல நட்டு வைன்னு எழுதியிருக்கியே. வேணாம்டா. அனுமதிச் சீட்டும், நோயில்லைங்கிற செடி ஆரோக்கியச் சான்றும் இல்லாம வெளிநாட்டுக் கெழங்கு இந்தியாவுக்குள்ள வரக் கூடாதுன்னு 2003-லேருந்து ஒரு ஆணை இருக்குது. அப்படியே வந்தாலும் நம்ம மார்கழி ராத்திரி 15 டிகிரி பக்கம் நின்னுடும். அதை உன் செடி குளிருன்னு ஒத்துக்காது. இலை விடும், விட்டுக்கினே இருக்கும், பூக்காது. போறவன் வர்றவனெல்லாம் வெங்காயத்தாளா, பூண்டான்னு கேட்டுட்டுப் போவான். பேத்தமங்கலம் ஏரித் தண்ணி வர்ற நாளை எண்ணிக்கினு இருக்கிறவன் கிட்ட பூக்காத செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்றியே, உன் மனசு மனசுதான்.

அது வேண்டிய எடத்துல நம்ம நாட்டுலயே ஜோரா இருக்குது. காஷ்மீர்ல கபர்ஸ்தான் பூரா வெள்ளையும் ஊதாவுமா ஐரிஸை நட்டு வெச்சிருப்பாங்க, வசந்தத்துல பார்க்கணும். மணிப்பூர்ல தண்ணிக்குள்ள நிக்கிற லேவிகேட்டாவைக் கோம்பிரைன்னு கூப்பிடறாங்க. அவங்க புது வருஷம் செய்ராவுபாவுக்கு அந்தப் பூ வேணும். அது பூத்த ஈரநெலமெல்லாம் வூடும் கட்டடமுமா மாறிக்கினு வர்றதால பூவு குறைஞ்சுக்கினே வருது. அந்த மாநிலத்து எல்லையில மோரேங்கிற ஊர்ல பர்மாவுலேருந்து வந்த நம்ம தமிழ்ச் சனம் கோயில் கட்டிக் குடியிருக்குது. எங்கே போனாலும் கோயிலும் இட்லியும் கொண்டு போயிடறோம். போன எடத்துப் பூவு பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கத்தான் மூணு தலைமுறை ஆகுது.

ஆண்டர்சன்பேட்டைக்கும் ஒரு ஐரிஸ் இருக்குதுடா, அதை நீ மதிக்கவே மாட்டே. டொமெஸ்டிகா. இடுப்பு ஒசரம், ஆரஞ்சு நெறம், செவப்புப் புள்ளி, சிறுத்தைத் தோலாட்டம். வெயில் தாங்கும், சுமாரான மண்ணு போதும். பூ ஒரே நாள்தான். சாயங்காலம் துணி பிழியற வாட்டத்துல முறுக்கிக்கினு மூடிடும். காய் வெடிச்சா உள்ளே கருப்பா பளபளன்னு விதைக் கொத்து. இதை ரொம்ப காலம் ஐரிஸ்னே ஒத்துக்கல. பெரிய பண்டிதரு லின்னேயஸ் 1753-ல இதே செடிக்கு ரெண்டு எடத்துல ரெண்டு பேரு வெச்சாரு, அதுல ஒண்ணு ஆர்க்கிட் கூட்டத்துல! அப்பறம் பெலம்காண்டான்னு தனியா ஒதுக்கி வெச்சாங்க. 2005-ல மரபணுவைப் பார்த்த பொறவுதான், அட, இது நம்ம ஐரிஸ் குடும்பம்தான்னு சேர்த்துக்கினாங்க. நீளமா, ஊதாவா, குளிர்ல நிக்கிறதுதான் ஐரிஸ்னு நெனச்சவங்க எல்லாரும் அன்னைக்கு வாயை மூடினாங்க. உன் தங்கச்சி விதை கொண்டாந்து குடுத்திருக்கா, வாசல்ல போட்டிருக்கேன். உன் பார்சல் செலவை மளிகைக் கடைப் பாக்கியில கழிச்சுக்கோ.

மூணாவது புதரைப் பத்திச் சொல்லாம வுட்டுட்டேன்னு நெனச்சியா? வேணும்னுதான் வுட்டேன். கராஜ் பக்கத்துல பூக்காம நிக்குதே, இவ்வளவும் படிச்சுட்டு அதையும் ஐரிஸ்னு நெனச்சுக்கினு ரெண்டு பக்கமும் குச்சி நட்டு, பேரு எழுதிப் பலகை வெச்சுடுவே. உன் மிஷின்கிட்ட காட்டினா அதுவும் ஐரிஸ்னுதான் சொல்லும், ஏன்னா நீ அதுக்கு ஐரிஸைத் தவிர வேற எதையும் சொல்லிக் குடுக்கல. எனக்கு என்னமோ அது ஐரிஸே இல்லன்னு படுது. ஐரிஸ் இலை இஸ்திரி போட்ட கணக்கா தட்டையா, ஒரே வரிசையில விசிறியா நிக்கும். இது நடுவுல மடிஞ்சு வாய்க்கால் விட்டு, நுனி வளைஞ்சு கீழே தொங்குது. தோண்டிப் பார்த்தா இஞ்சிக் கெழங்கு இருக்காது. வேருல குண்டு குண்டா தண்ணீர்விட்டான் கெழங்கு ஜாடையில தொங்கும். அது டே லில்லி. ஜூலையில ஆரஞ்சா பூக்கும், பார்த்துக்கோ.

பந்தயம் வெச்சுக்கலாமா? ஜூலையில அது ஆரஞ்சா பூத்தா நீ தோத்தே. விமான டிக்கெட் எடுத்துக்கினு ஊருக்கு வந்து, அந்தப் பலகையை நீயே உன் பாட்டிக்குப் படிச்சுக் காட்டணும். ஊதாவா பூத்தா நான் தோத்தேன். அப்பவும் டிக்கெட்டை நீதான் எடுக்கணும், என்னை அங்கே கூட்டிக்கினு போய் அந்தப் பூவை எனக்குக் காட்ட. எப்படிப் பார்த்தாலும் ஞாயமான பந்தயம். யோசிச்சுச் சொல்லு, மளிகைக் கடைக்காரரு சாட்சி.

இப்படிக்கு,
உன் தாத்தன்